நாலு இருபது பசிக்கு ஒரு கை பயறு

என் மகளும் மகனும் பள்ளிக்கூடம் விட்டு வாசலில் வந்து நிற்கும்போது மணி நாலு இருபது. பையைத் தோளிலிருந்து இறக்குவதற்குள் "அப்பா, திங்க என்ன இருக்கு?" என்று கேட்டுவிடுவார்கள். என் மனைவி செவிலியர். மதிய டூட்டி என்றால் ஒன்றரைக்குக் கிளம்புவாள், வீடு திரும்ப இரவு ஒன்பதைத் தாண்டிவிடும். நான் பாளையங்கோட்டையில் வீட்டின் முன்னறையிலேயே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். அதனால் சாயங்காலப் பசியைப் பார்ப்பது என் வேலை. கடையில் ஆள் நிற்கும்போதே பிள்ளைகளும் வந்துவிடுவார்கள். எனக்குக் கிடைப்பது அதிகபட்சம் 15 நிமிடம்.

முதல் இரண்டு வருஷம் பிஸ்கட் பாக்கெட்டும் பேக்கரி பப்ஸுமாகவே ஓடியது. ஏழாம் வகுப்பில் மகள் மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது என்றாள். ரத்தம் சோதித்தோம், ஹீமோகுளோபின் 9.4 இருந்தது. அந்த வயதுப் பெண்ணுக்கு 12 இருக்க வேண்டும். மருத்துவர் இரும்புச்சத்து மாத்திரை எழுதிக்கொடுத்துவிட்டு, "சாயங்காலம் என்ன சாப்பிடுது?" என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

அன்று இரவு என் அம்மா சொன்னது இது: "ஏய்யா, படுக்கதுக்கு முன்னால ஒரு கை பயறை எடுத்து ஊறப் போடு. மிச்சத்தை நாளைக்குப் பாத்துக்கலாம்." அம்மா சத்துணவு மையத்தில் சமையலராக இருந்தவர். 1982 ஜூலை 1-இல் அந்தத் திட்டம் தொடங்கிய சில வருஷங்களில் எங்கள் ஊர்ப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தார். நூற்றுக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு நேரத்துக்குச் சோறு போட்ட கை அது. அவசரமாகச் சமைக்க வேண்டிய வேலையின் முக்கால் பாகத்தை முந்தின நாளே முடித்துவிட வேண்டும் என்பதை அம்மாவிடம்தான் கற்றுக்கொண்டேன். கீழே எழுதியிருப்பதெல்லாம் அந்த ஒரு பழக்கத்திலிருந்து வந்தவை. மகள் மாத்திரையும் சாப்பிட்டாள், சாயங்காலச் சாப்பாடும் மாறியது. ஐந்து மாதத்தில் அளவு 11.6-க்கு வந்தது. எது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்ல மாட்டேன். மருத்துவர் மாத்திரை கொடுத்தால் அதை நிறுத்திவிட்டுச் சுண்டலை நம்பாதீர்கள்.

ஊறப்போடுவது

எங்கள் வீட்டில் அடுப்பு மேடையின் ஓரத்தில் ஒரு எவர்சில்வர் தூக்குச்சட்டி இருக்கும். அதற்கு வேறு வேலை கிடையாது. இரவுச் சாப்பாட்டுப் பாத்திரம் கழுவி முடித்ததும் அதில் ஏதாவது ஒரு பயறு விழும். நாலு பேருக்கு 150 கிராம் போதும். காய்ந்த கொண்டைக்கடலையாக அளந்தால் ஒரு டம்ளருக்குக் கொஞ்சம் குறைவு, ஊறி வெந்ததும் இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிடும். பகிர்ந்தால் ஆளுக்கு ஏறக்குறைய 7 கிராம் புரதம். ஒரு முட்டையில் இருப்பது 6 கிராம்தான்.

பயறுக்குப் பயறு நேரம் மாறும். கறுப்புக் கொண்டைக்கடலை எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் ஊற வேண்டும். குக்கரில் ஐந்து விசில் விட்டு, தீயைக் குறைத்து இன்னும் ஐந்து நிமிடம் வைக்கிறேன். வெள்ளைக் கடலை என்றால் அதே ஊறல், நாலு விசில். மொச்சைக்கும் ராத்திரி முழுக்க ஊறல் வேண்டும், மூன்று விசில். தட்டைப்பயறு நாலு மணி நேரத்தில் ஊறிவிடும், இரண்டு விசில் போதும். பாசிப்பயறு எல்லாவற்றிலும் எளிது. மதியம் பன்னிரண்டுக்கு ஊறப் போட்டால் நாலுக்கு ஒரே விசிலில் வெந்துவிடும், இரண்டு விட்டால் குழைந்து போகும். பெட்டிக்கடை, அலுவலகம் என்று வெளியே வேலை செய்கிறவர்கள் காலையில் கிளம்பும்போது தண்ணீரை வடித்துவிட்டுப் பயறை மூடி ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். நம் வெயிலில் பகல் முழுக்கத் தண்ணீரிலேயே கிடந்தால் நுரை கட்டி வாடை வந்துவிடும்.

ஊறப்போட மறந்த நாளும் வரும். அதற்கு ஹாட்பேக் இருக்கிறது. கடலையைக் கழுவி ஹாட்பேக்கில் போட்டு, தளதளவென்று கொதிக்கும் தண்ணீரை அதன் மேல் மூன்று விரற்கடை நிற்கும்படி ஊற்றி இறுக்கி மூடுங்கள். ஒன்றரை மணி நேரத்தில் ஓரளவு ஊறிவிடும். ராத்திரி ஊறியது போல மெத்தென்று வராது, ஆனால் இரண்டு விசில் கூட வைத்தால் சாப்பிட நன்றாகவே இருக்கும்.

சிலர் சீக்கிரம் வேகட்டும் என்று சோடா உப்பு போடுவார்கள். நான் போடுவதில்லை. சோடா உப்பு பயறில் இருக்கும் பி வைட்டமின்களில் ஒரு பங்கை அழித்துவிடும், வாயில் ஒரு சவர்க்காரச் சுவையும் நிற்கும். பயறு எவ்வளவு விசில் விட்டும் கடுக்கென்று இருந்தால் தண்ணீரைச் சந்தேகியுங்கள். எங்கள் வீட்டில் தாமிரபரணித் தண்ணீர் வரும் நாளில் பூப்போல வேகும் அதே கடலை, போர் தண்ணீரில் வேக வைத்தால் அடம்பிடிக்கும். உப்புத் தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து தோலை இறுக்கிவிடுவதுதான் காரணம். அப்படிப்பட்ட ஊரில் இருப்பவர்கள் ஊறப் போடவும் வேக வைக்கவும் குடிக்கிற தண்ணீரையே எடுங்கள். பழைய கடலையும் வேகாது. அதனால் மாதக்கணக்கில் வாங்கிச் சேர்க்காமல் அரைக் கிலோவாக வாங்குகிறேன்.

வாரம் ஒரு முறை பாசிப்பயறை முளைகட்டுகிறேன். காலையில் ஊறப் போட்டு, இரவு தண்ணீரை வடித்து, ஈரத் துணியில் மூட்டை கட்டித் தூக்குச்சட்டிக்குள்ளேயே தொங்க விட்டால் மறுநாள் காலையில் வெள்ளை முளை எட்டிப் பார்க்கும். சின்னப் பிள்ளைகளுக்கும் வயதானவர்களுக்கும் முளைப்பயறைப் பச்சையாகக் கொடுக்க வேண்டாம். ஆவியில் ஐந்து நிமிடம் வைத்துக் கொடுங்கள், வயிறு ஏற்றுக்கொள்ளும். மிச்சத்தை ஃப்ரிட்ஜில் இரண்டு நாள் வைக்கலாம். வழவழப்போ வாடையோ வந்தால் கொட்டிவிடுங்கள்.

சுண்டல், தாளிசம், எலுமிச்சை

வேக வைக்கும்போதே உப்பைப் போட்டுவிடுங்கள். தாளிக்கும்போது போட்டால் உப்பு தோலோடு நின்றுவிடும், உள்ளே ஏறாது. வெந்த தண்ணீரையும் கொட்டாதீர்கள். அதில் மிளகு, சீரகம், இரண்டு பல் பூண்டு தட்டிப் போட்டு, ஒரு தக்காளியைக் கரைத்துக் கொதிக்க விட்டால் இரவுச் சாப்பாட்டுக்கு ரசம். அம்மா இதைக் கேட்காமலே செய்வார்.

எங்கள் பக்கம் வாணலியைச் சீனிச்சட்டி என்போம். அதில் இரண்டு கரண்டி நல்லெண்ணெய், கடுகு, உளுந்தம்பருப்பு, கிள்ளிய வத்தல் (காய்ந்த மிளகாய்), கறிவேப்பிலை, ஒரு சிட்டிகை காயம். பருப்பு சிவந்ததும் வடித்த பயறைக் கொட்டி இரண்டு நிமிடம் புரட்டினால் போதும். அடுப்பை அணைத்த பிறகுதான் தேங்காய்த் துருவல், அதற்குப் பிறகுதான் எலுமிச்சைச் சாறு. அடுப்பில் இருக்கும்போது பிழிந்தால் கசக்கும், சூட்டில் வைட்டமின் சி-யும் குறைந்துவிடும். அந்த வைட்டமின் சி-க்காகத்தான் பிழிகிறோம். பயறிலும் கீரையிலும் இருக்கும் இரும்புச்சத்தை உடம்பு எளிதாக எடுத்துக்கொள்ளாது, கூடவே எலுமிச்சையோ நெல்லிக்காயோ கொய்யாவோ இருந்தால் கூடுதலாக எடுத்துக்கொள்ளும். டீயும் காப்பியும் நேர் எதிர்வேலை செய்யும். மகளின் பரிசோதனைக்குப் பிறகு எங்கள் வீட்டில் சுண்டலோடு டீ கிடையாது. வேண்டும் என்றால் ஒரு மணி நேரம் கழித்து.

ஒரே தாளிசம் என்றால் பிள்ளைகளுக்கு மூன்றாம் நாளே அலுத்துவிடும். தட்டைப்பயறுக்கு வத்தலை விட்டுவிட்டுக் கருப்பட்டிப் பாகும் ஏலமும் தேங்காயும் சேர்த்து இனிப்பாகச் செய்கிறேன். வெள்ளைக் கடலைக்குப் பச்சை மாங்காய்த் துண்டு, பொடியாக நறுக்கிய வெங்காயம், மல்லித்தழை. பாசிப்பயறுக்குத் துருவிய கேரட், ஒரு பச்சை மிளகாய், எலுமிச்சை, அவ்வளவுதான், தாளிக்கக்கூட வேண்டாம். மொச்சைக்கு மட்டும் இரண்டு பல் பூண்டைத் தட்டிப் போடுங்கள், வாயுத் தொல்லை குறையும் என்பது அம்மாவின் கணக்கு. வாசனைக்காகவே நான் போடுவேன்.

தேங்காய் போட்ட சுண்டல் ஐந்தாறு மணி நேரத்துக்கு மேல் தாங்காது, சித்திரை வைகாசியில் அதுவும் இல்லை. பள்ளிக்குக் கொடுத்துவிடுவதானால் தேங்காயை விட்டுவிட்டு, வறுத்து அரைத்த வேர்க்கடலைப் பொடி ஒரு கரண்டி தூவுங்கள்.

கேப்பை அடை

கேழ்வரகை நாங்கள் கேப்பை என்போம். 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உள்ள தானியம். நாம் வழக்கமாகச் சாப்பிடுகிற வேறு எந்தத் தானியமும் அதன் பக்கத்தில் வராது. பால் வேண்டாம் என்று அழும் பிள்ளை இருக்கிற வீட்டில் கேப்பை கட்டாயம் இருக்க வேண்டும் என்பேன். என் மகன் அப்படிப்பட்டவன்.

கூழாகக் கொடுத்தால் அவன் தொடமாட்டான். அடையாக, ஓரம் மொறுமொறுவென்று சுட்டால் மூன்று சாப்பிடுவான். நான் கெடுத்துக் கெடுத்துக் கற்றுக்கொண்ட பண்டம் இது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

இரண்டு டம்ளர் கேப்பை மாவு. 15 சின்ன வெங்காயம் பொடியாக நறுக்கியது, இரண்டு பச்சை மிளகாய், அரைக்கரண்டி சீரகம், உப்பு, இரண்டு கை முருங்கைக்கீரை. கீரையை உருவும்போது நடுக்காம்பு விழாமல் பாருங்கள். ஒரு காம்பு வாயில் அகப்பட்டாலும் பிள்ளைகள் அடுத்த முறை அடையே வேண்டாம் என்பார்கள். வெங்காயத்தையும் மிளகாயையும் கொஞ்சம் நல்லெண்ணெயில் வதக்கி, கீரையையும் போட்டு ஒரு புரட்டுப் புரட்டி இறக்குங்கள். இப்படி வதக்கியதை மாவில் சேர்த்தால் அடைக்குள் கீரை பச்சை வாடை அடிக்காது.

அடுத்தது தண்ணீர். பச்சைத் தண்ணீரில் பிசைந்தால் அடை விரிந்து விரிந்து உடையும். கேப்பையில் கோதுமை போல இழுவை கிடையாது. கொதிக்கிற தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கரண்டிக் காம்பால் கிளறி, கை பொறுக்கும் சூடு வந்ததும் பிசைந்தால் மாவு ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும். சப்பாத்தி மாவைவிட இளக்கமாக, காதுமடல் போல இருக்க வேண்டும். ஐந்து நிமிடம் மூடி வையுங்கள்.

வாழை இலைத் துண்டில் எண்ணெய் தடவி, உருண்டையை வைத்து விரலால் தட்டுங்கள். இலை இல்லாவிட்டால் நனைத்துப் பிழிந்த வெள்ளைத் துணி. பால் கவரை வெட்டி அதில் தட்டுகிறவர்களும் உண்டு, சூடான கல்லின் பக்கத்தில் பிளாஸ்டிக் வைக்க எனக்கு மனம் வரவில்லை. நடுவில் விரலால் ஒரு ஓட்டை போட்டால் அதில் விடுகிற எண்ணெய் அடிப்பக்கம் முழுக்கப் பரவும். கல் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், அடையைப் போட்ட பிறகு தீ நடுத்தரம். மூடி போட்டு இரண்டு நிமிடம், திருப்பிப் போட்டு மூடாமல் இரண்டு நிமிடம். கேப்பை கறுத்த மாவு, அதனால் வெந்ததா என்று நிறத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. விரலால் தொட்டால் ஒட்டக் கூடாது, மேலே ஈர மினுமினுப்பு போயிருக்க வேண்டும், அதுதான் அடையாளம்.

மாவை மதியமே பிசைந்து வைத்துவிட்டால் நாலு இருபதுக்குச் சுடுவது மட்டும்தான் வேலை. ஆனால் கீரை சேர்த்த மாவை ராத்திரிவரை வெளியே வைக்காதீர்கள்.

அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு. கேப்பை என்றாலே சர்க்கரைக்காரர்களுக்கு நல்லது என்று எல்லோரும் சொல்கிறார்களே என்று ஆரம்பத்தில் கேப்பைக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தோம். மனைவிதான் ஒரு நாள் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துக் குளுக்கோமீட்டரில் பார்த்தாள், எண் அதிகமாக இருந்தது. அதே மாவை வெங்காயமும் கீரையும் போட்டு அடையாகக் கொடுத்துப் பார்த்தாள், அவ்வளவு ஏறவில்லை. கரைத்துக் குடிக்கிற மாவு எதுவானாலும் சீக்கிரம் செரித்துவிடும். இது அம்மாவின் உடம்பில் பார்த்தது. உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு நீங்களே சோதித்துப் பாருங்கள். அம்மாவுக்கு இப்போது சாயங்காலம் ஒரு அடை, இல்லாவிட்டால் ஒரு கிண்ணம் சுண்டலும் ஒரு டம்ளர் மோரும்.

ஞாயிற்றுக்கிழமை டப்பாக்கள்

ஞாயிறு காலை ஒரு மணி நேரம் அடுப்படியில் நின்றால் வாரம் முழுக்க ஓடும். மூன்று டப்பா நிரப்புகிறேன்.

முதல் டப்பா பொட்டுக்கடலைப் பொடி. ஒரு டம்ளர் பொட்டுக்கடலை, ஏழெட்டு வத்தல், ஐந்து பல் பூண்டைத் தோலோடு, கொஞ்சம் கறிவேப்பிலை, உப்பு. வத்தலையும் பூண்டையும் கறிவேப்பிலையையும் ஈரம் போக வறுத்து, ஆறவிட்டு, கடலையோடு சேர்த்துத் திரிக்க வேண்டியதுதான். பொட்டுக்கடலையை வறுக்க வேண்டாம், ஏற்கெனவே வறுத்ததுதானே. சுடுசோற்றில் ஒரு கரண்டி பொடியும் நல்லெண்ணெயும் விட்டுப் பிசைந்தால் ஐந்து நிமிடத்தில் சாப்பாடு முடிந்தது. மிச்ச இட்லியை நாலாக வெட்டி, கடுகு தாளித்து, இந்தப் பொடியில் புரட்டினால் அதுவும் ஒரு பலகாரம்.

இரண்டாவது டப்பா வேர்க்கடலை உருண்டை. இதற்கு நெய்யும் வேண்டாம், பாகு காய்ச்சவும் வேண்டாம். ஒரு டம்ளர் பச்சைக் கடலையைச் சிறு தீயில் பத்து நிமிடம் வறுங்கள். அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால் தோல் கரியும், உள்ளே பச்சையாக இருக்கும். ஆறியதும் உள்ளங்கையில் தேய்த்துத் தோலை ஊதிவிடுங்கள். இரண்டு கரண்டி கறுப்பு எள்ளைத் தனியாக வறுங்கள், படபடவென்று வெடித்ததும் இறக்கிவிட வேண்டும். முக்கால் டம்ளர் கருப்பட்டியைச் சீவி எல்லாவற்றையும் மிக்ஸியில் போட்டு விட்டு விட்டு நாலைந்து சுற்று. ஒரேயடியாக ஓட விட்டால் கடலை எண்ணெய் விட்டுக் களிபோல ஆகிவிடும். கையில் பிடித்தால் உருண்டை நிற்கும் அளவுக்கு எண்ணெய் கசிந்தால் போதும். பதினான்கு உருண்டை வரும். எங்கள் பக்கத்துக்கு உடன்குடிக் கருப்பட்டிதான் பேர் போனது. அதை வாங்கும்போது ஓரத்தில் கிள்ளி வாயில் போட்டுப் பாருங்கள். சீனி கலந்தது வெறும் இனிப்பாகத் தித்திக்கும், நல்ல கருப்பட்டியில் அடியில் லேசான கரிப்பும் புகை வாசனையும் இருக்கும். கருப்பட்டியும் இனிப்புதான், அதனால் பிள்ளைகளுக்கு நாளைக்கு ஒன்று, அம்மாவுக்கு இல்லை.

நாலு வயதுக்குக் கீழே பிள்ளை இருக்கிற வீட்டில் முழுக் கடலை கையில் எட்டும்படி வைக்காதீர்கள். மூச்சுக்குழாயில் போய் அடைத்துக்கொள்ளும். அவர்களுக்கு நைசாகப் பொடித்தது மட்டும் கொடுங்கள்.

மூன்றாவது டப்பா சத்து மாவு. இதில் பதினெட்டு, இருபது பொருள் என்று பட்டியல் போடுகிறவர்கள் உண்டு. நான் ஐந்தோடு நிறுத்திக்கொண்டேன்: கேப்பை இரண்டு பங்கு, கம்பு ஒரு பங்கு, பாசிப்பயறு ஒரு பங்கு, பொட்டுக்கடலை அரைப் பங்கு, வேர்க்கடலை அரைப் பங்கு. கம்பில் கேப்பையைவிட இரும்புச்சத்து கூடுதல், கேப்பையில் கால்சியம் கூடுதல், அதனால் இரண்டும். தானியத்தோடு பயறு சேர்ந்தால் ஒன்றில் குறையும் புரதக்கூறு மற்றதில் இருந்து வந்துவிடும். பொட்டுக்கடலையைத் தவிர ஒவ்வொன்றையும் தனித்தனியாக வறுங்கள், ஒன்றாகப் போட்டால் கம்பு கருகும்போது பயறு அரைவறுப்பில் நிற்கும். நன்றாக ஆறிய பிறகே மில்லுக்குக் கொடுங்கள், மில்லில் இருந்து வந்த மாவும் சூடாக இருக்கும், அதையும் பேப்பரில் பரப்பி ஆறவிட்டு அப்புறம் டப்பாவில் போடுங்கள். சூட்டோடு மூடினால் டப்பாவுக்குள் வேர்த்து மாவு கெட்டுவிடும். வேர்க்கடலை சேர்ந்திருப்பதால் ஒரு மாதத்துக்கு மேல் வைத்தால் சிக்கு வாடை வரும், குறைவாகவே திரியுங்கள்.

கஞ்சி காய்ச்சும்போது இரண்டு கரண்டி மாவைப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்துக்கொண்டு அடுப்பில் வையுங்கள். ஒரு டம்ளர் தண்ணீர் கணக்கு. கொதிக்கிற தண்ணீரில் மாவைக் கொட்டினால் கட்டிதான் வரும், கரண்டியால் எவ்வளவு நசுக்கினாலும் போகாது. ஏழெட்டு நிமிடம் கிளறி, பளபளப்பு வந்ததும் இறக்குங்கள். மகளுக்கு மோரும் சின்ன வெங்காயமும் போட்டு, மகனுக்குக் கருப்பட்டிப் பாகு விட்டு.

அவசர நாளில்

கடையில் கூட்டம், பரீட்சை விண்ணப்பம் நகல் எடுக்க ஆள் வரிசையில் நிற்கிறது என்றால் அவல்தான். சிவப்பு அவலில் தவிட்டின் ஒரு பங்கு மிஞ்சியிருக்கும் என்பதால் அதையே வாங்குகிறேன். கெட்டி அவலைக் கழுவி, முங்குகிற அளவு தண்ணீரில் பத்து நிமிடம். மெல்லிய அவலை ஊற வைக்கக் கூடாது, அரிப்பில் (சல்லடையில்) போட்டுத் தண்ணீரைக் காட்டி உடனே வடித்துவிட வேண்டும். தேங்காயும் சீவிய கருப்பட்டியும் ஏலமும் போட்டால் இனிப்பு. வேர்க்கடலை தாளித்து, மஞ்சள், எலுமிச்சை சேர்த்தால் காரம். வேர்க்கடலையை மட்டும் தாராளமாகப் போடுங்கள், அவலில் அரிசியின் மாவுச்சத்துதான் அதிகம், அரை மணியில் மறுபடி பசிக்கும்.

அவித்த முட்டை, சீனிக்கிழங்கு (சர்க்கரைவள்ளிக் கிழங்கு), தை மாதம் ஆனால் பனங்கிழங்கு. இவற்றுக்குச் செய்முறை எழுத ஒன்றும் இல்லை. சீனிக்கிழங்கைத் தண்ணீரில் முக்கி வேக வைக்காமல் இட்லிச் சட்டியில் 20 நிமிடம் ஆவியில் வையுங்கள், தித்திப்பு தண்ணீரோடு போகாது. மகாராஜ நகர் உழவர் சந்தையில் காலையிலேயே போனால் சின்னக் கிழங்காகப் பொறுக்கலாம், பெரியது நார் விடும்.

இரவுக்கு உளுந்தஞ்சோறு

வாரத்தில் ஒரு நாள் இரவு, பெரும்பாலும் வியாழக்கிழமை, எங்கள் வீட்டில் உளுந்தம்பருப்புச் சோறு. திருநெல்வேலிப் பக்கத்து வீடுகளில் பெண்பிள்ளை பெரியவளானால் உளுந்தங்களியும் உளுந்தஞ்சோறும் தவறாமல் உண்டு. எனக்குச் சின்ன வயதிலிருந்தே இது பிடித்த சாப்பாடு. ஆண்பிள்ளைகளும் சாப்பிட வேண்டியதுதான்.

ஒரு டம்ளர் அரிசிக்கு அரை டம்ளர் உடைத்த கறுப்பு உளுந்து. தோல் நீக்கிய வெள்ளை உளுந்து வேண்டாம், நிறமும் வாசமும் நார்ச்சத்தும் தோலில் இருக்கிறது. குக்கரிலேயே உளுந்தை எண்ணெய் இல்லாமல் வாசனை வரும்வரை வறுங்கள். அரிசியைக் கழுவிப் போட்டு, 12 பல் பூண்டு முழுசாக, அரைக்கரண்டி வெந்தயம், ஒரு கரண்டி சீரகம், அரை மூடித் தேங்காய்த் துருவல், உப்பு, நாலு டம்ளர் தண்ணீர். நாலு விசில். ஆவி தானாக அடங்கட்டும், ஊசியைத் தூக்கிவிடாதீர்கள். திறந்ததும் ஒரு கரண்டி நல்லெண்ணெய் விட்டு அடியில் இருந்து கிளறிவிடுங்கள். புழுங்கலரிசி என்றால் அரை டம்ளர் தண்ணீர் கூட. சோறு பருக்கை பருக்கையாக நிற்கக் கூடாது, பொங்கலுக்கும் சோற்றுக்கும் நடுவில் குழைந்திருக்க வேண்டும்.

தொட்டுக்கொள்ள எள்ளுத் துவையல் இல்லாவிட்டால் உளுந்தஞ்சோறு அரைகுறைதான். மூன்று கரண்டி எள், நாலு வத்தல், ஒரு கை தேங்காய், கோலிக்குண்டு அளவு புளி, இரண்டு பல் பூண்டு, உப்பு. எள்ளையும் வத்தலையும் தனித்தனியாக வறுத்து, முதலில் அந்த இரண்டையும் திரித்துவிட்டு அப்புறம் மற்றதைப் போட்டுக் கொஞ்சம் தண்ணீர் தெளித்துக் கெட்டியாக அரையுங்கள். எள் சிவக்க வறுத்தால் துவையல் கசந்துவிடும். வறுபடும்போது முதல் எள் வெடித்ததும் எண்ணத் தொடங்குங்கள், இருபது எண்ணுவதற்குள் தட்டில் கொட்டியாக வேண்டும். சட்டியிலேயே விட்டுவைத்தால் அணைத்த பிறகும் சூட்டில் கருகும்.

அன்று டூட்டியில் இருந்து வரும் மனைவிக்கு ஒரு பங்கை ஹாட்பேக்கில் எடுத்து வைக்கிறேன். ஒன்பது மணிக்கும் சூடு இருக்கும். சோற்றை அள்ளி வைப்பதற்கு முன் ஹாட்பேக்கில் வெந்நீர் ஊற்றி ஐந்து நிமிடம் வைத்துக் கொட்டிவிடுங்கள், சூடு கூடுதலாக நிற்கும். துவையலை மட்டும் சோற்றின் மேல் வைத்து மூடாதீர்கள், ஆவியில் வேர்த்து நீர் விட்டுவிடும். தனிக் கிண்ணத்தில் வைத்து மேலே ஒரு சொட்டு நல்லெண்ணெய் விட்டு வையுங்கள்.